வாயால் சொன்ன நாள்

தமிழில் எழுதிய பக்கங்களை ஜெபஸ்டின் சார் திருத்துவதில்லை. ஆங்கிலப் பக்கங்களுக்கு மட்டும்தான் அவருடைய சிவப்பு மை. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, கடைக்கு மேல் மாடியில் சாரின் ஆங்கில வகுப்பு. நாட்குறிப்பு எழுதச் சொன்னவர் அவர்தான். நான் அதில் நாளுக்கு ஐந்து கடினமான சொற்கள் எழுதுவேன். நான்கு கட்டங்கள்: சொல், பொருள், உச்சரிப்பு, வாயால் சொன்ன நாள். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி, அழுத்த வேண்டிய இடத்தில் கீழே கோடு போடுவேன். ஒவ்வொரு சொல்லையும் யூடியூபில் பதினைந்து முறை கேட்பேன். பதினாறாவது முறை சந்தேகம் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

இந்த ஆடி மாதத்தில் ஆயிரத்து நூற்றிருபது சொற்கள் சேர்ந்திருந்தன. நான்காவது கட்டத்தில் ஒரே ஒரு தேதி. குற்றாலத்தில் பரோட்டாக் கடையில் சிக்கனைப் புகழ்ந்து 'எக்ஸ்க்விசிட்' என்று சொன்ன நாள். பரிமாறியவர், "அது தீந்துட்டுக்கா, பெப்பர் சிக்கன் இருக்கு" என்றார். சொன்னது சொன்னதுதானே என்று தேதி போட்டுக்கொண்டேன்.

வகுப்பில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சமீனாவுக்கு அப்படியில்லை. தப்புத் தப்பாக, சிரித்துக்கொண்டே பேசுவாள். வடகரைக்காரி, இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் மன்சூர் தோஹாவில் டிரைவர். கல்யாணமாகி நாலு வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது ஐந்து மாதம். தோஹாவிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள்; முதல் சுற்று நேர்காணல் போனில். சான்றிதழ்களை நகல் எடுத்ததும், விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். "மெயிலு கியிலெல்லாம் எனக்கு ஆகாது காளி, நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டதால், அவளுடைய மெயிலும் என் போனில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆட்கள் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். சீசன் கூட்டத்தில் யாராவது ஒருவர் குளிக்காமல் பைகளுக்கும் போன்களுக்கும் காவல் இருக்க வேண்டும். எனக்குச் சளி பிடிக்கும் என்பதால் எப்போதும் நான்தான்.

"ஏட்டி, அஞ்சே நிமிசம். தோஹாலேருந்து கூப்பிட்டா ஒரு சத்தம் குடு, ஓடியாருதேன்" என்று போனைக் கையில் வைத்துவிட்டுச் சமீனா தண்ணீருக்குள் போனாள்.

மூன்றாவது நிமிடத்தில் கூப்பிட்டார்கள்.

அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பழக்கடைக்குப் பின்னால் போனேன். சமீனாதானே பேசுவது என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, இதோ கூப்பிடுகிறேன் என்று சொல்ல நாலு சொல் போதும். நாலும் சின்னச் சொற்கள். என்னிடம் இருந்தவை எல்லாம் பெரியவை.

யெஸ் என்றேன்.

பதினோரு நிமிடம் பேசினேன். நாக்கு ஒட்டவில்லை. முகம் தெரியாத ஆளிடம், இன்னொருத்தியின் பெயரில், எனக்கு எல்லாம் வந்தது. 'மெட்டிக்யுலஸ்' வந்தது. 'ரெஸிலியன்ட்' வந்தது. 'பர்ஸிவியர்' என்பதைக் கடைசி அசையில் சரியாக அழுத்தினேன். உங்கள் ஆங்கிலம் பிரமாதம் என்று அந்தப் பெண் சொன்னாள். போனை வைத்த பிறகு, பழக்கடை பிச்சம்மாள், "யாத்தீ, கலெக்டரம்மா மாதிரில்லா பேசுத! பைய இறக்கி வையி, தோளு போயிரும்" என்றார்.

பதினேழு சொற்களுக்கு அன்றைய தேதி போட்டேன். பிறகு அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழித்தேன்.

சமீனா சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். "வந்துச்சாட்டி?"

"இல்ல."

இதுவரைக்கும் பெரிய தப்பு இல்லை என்றுதான் நினைத்தேன். அவளே பேசியிருந்தால் தேறியிருப்பாளோ என்னவோ. மறுநாள் மெயில் வந்தது: தேறிவிட்டாள், புதன்கிழமை வீடியோவில் இரண்டாம் சுற்று. அவர்களுக்கு வேண்டியது சமீனாவின் முகமும் என் குரலும். இரண்டும் ஓர் ஆளிடம் இல்லை. சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன் என்று அவள் பெயரில் பதில் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். நல்ல கடிதம்.

இரண்டு வாரம் அவள் போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனாள். பிறகு கடைக்கு வந்து, "காளி, நீதான் நல்லா எழுதுவ. என்னாச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் போடேன். அவுக அங்கன ரூமுகூடப் பாத்து வச்சுட்டாக" என்றாள். எழுதி வாசித்துக் காட்டினேன். அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதிலையும் நானே எழுதி வாசித்துக் காட்டினேன். வந்த விண்ணப்பங்களில் அவளுடையது தேர்வாகவில்லை. ஆங்கிலத் தகுதி போதாது. நல்ல துணையோடு தினமும் பேசிப் பழகி, ஜனவரியில் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

நல்ல துணை என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதை அவள் வருத்தம் என்று எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, "நீ ஏன்ட்டி அழுத? எனக்குச் சொல்லித் தா, போதும்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் கடை வாசலில் உட்கார்ந்து பேசுகிறோம். நான் ஒரு சொல் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். அவள் முன்னால் என் நாக்கு ஒட்டுவதில்லை. முன்பு போலச் சிரித்துக்கொண்டே பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். போன வாரம் மன்சூர் அந்த அறையை விட்டுவிட்டார் என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஓர் இடத்தில் அழுத்தம் தவறியது; திருத்தினேன்.

நான்காவது கட்டம் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. இன்னும் எண்பது சொற்கள்தான் பாக்கி. நேற்று சமீனா ஜனவரிக்கு விண்ணப்பம் எழுதலாமா என்று கேட்டாள்.

நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். அவள் இன்னும் தயாராகவில்லை.