குண்டுக் கோடு, ஒல்லிக் கோடு

ஸ்ரீபெரும்புதூர் தியேட்டர் வாசலில் டிக்கெட் மெஷினோடு கேட்காரர். கம்பெனி யூனிபார்மில் முத்து. அவனுக்குப் பின்னால் அவன் ரூம் சிநேகிதன் இசக்கி. அடுத்து நான். கவுண்டரில் ஹவுஸ்புல் பலகை தொங்கியது.

முத்து போனில் டிக்கெட்டின் பார்கோடைக் காட்டியதும் மெஷின் கூவியது. அவன் உள்ளே போனான். இசக்கியின் போனுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்த டிக்கெட்டு உள்ள போயிடுச்சுப்பா."

"அவன் கோடு ஒல்லி, எங்கோடு குண்டு. இது வேற டிக்கெட்டுண்ணே."

"அவன்தான உனக்கு அனுப்புனான்?"

"ஆமாண்ணே."

"உன் போன் பெருசு, அதான் கோடும் பெருசா கீது. மெஷினு நம்பரத்தான் படிக்கும். ரெண்டுலயும் ஒரே நம்பரு. உன் கழுத்துல தொங்குற ஐடி கார்டு போட்டோல நீ திருடன் மாதிரி கீற. அதுல கீற நம்பர வச்சு கம்பெனில உன்ன வுடலையா?"

உள்ளேயிருந்து முத்து கத்தினான்: "மாப்ள, ரூமுக்கு வந்து கதை சொல்லுதேன்!"

"ஏலே, வெளிய வால!"

அந்த டிக்கெட்டில் படம் பார்த்தது ஒரு ஆள்.