ரோமாபுரி அத்தி

— கத்தியை வையுங்கோ ஐயா. முதல்ல இலையைப் பாருங்கோ. பழத்தை வெட்டினா நாக்குத்தான் கதைக்கும், கண் வேலை செய்யாது. உங்கட சொல்லுத்தானே இது.

— என்ர சொல்லுத்தான் வஸீர். எங்கட வட்ஸ்அப் குறூப்பில புதுசா ஆர் சேர்ந்தாலும் முதல் அதைத்தான் எழுதுறனான். கொண்டாரும் உந்த இலையை. எங்க பிடுங்கினது?

— புத்தளத்தில. நேற்றுப் பின்னேரம் பிடுங்கி ஈரத்துணியில சுத்திக்கொண்டு வந்தனான். ஆற்ற மரம், என்ன இனம் எண்டு இப்ப சொல்லமாட்டன். சொன்னா அந்தப் பேர்தான் உங்கட கண்ணில நிக்கும்.

— ஓ, எனக்குச் சோதினை வைக்கிறீர். வையும். இந்தத் தீவில அத்தி வளக்கிறவை நாப்பது பேர் எங்கட குறூப்பில இருக்கினம். ஒருத்தற்ற மரத்தை எண்டாலும் நான் பிழையாச் சொன்னனோ?

— இல்லை. அதாலதான் உங்களிட்டை வந்தனான், கிளாக்கர் ஐயா.

— இஞ்சரும் மார்த்தா, தேத்தண்ணி போடும். தாராபுரம் அலியாரின்ர மூத்தவர் வந்திருக்கிறார்.

— கண்டனான். இருங்கோ தம்பி. படலையைக் கொழுவிட்டு வந்தனீங்களோ? திறந்து கிடந்தாக் கழுதையள் உள்ளிட்டிடும்.

— கொழுவிட்டன் அக்கா.

— இவவுக்குக் கழுதை எண்டா ஒரு பயம், வஸீர். மன்னார் முழுக்கக் கழுதை திரியுது, ஆரும் கவனிக்கிறதில்லை. இவ மட்டும் முப்பத்தாறு வருசமா உந்தப் படலைக்குக் காவல். சரி, இலைக்கு வருவம். அஞ்சு விரல். நடு விரல் அடியில ஒடுங்கி நுனியில அகண்டு போகுது. இடப்பக்கத்து விரலில ஒரு சின்ன வெட்டு இருக்குப் பாரும். பூச்சி கடிச்சது இல்லை, பிறப்பில வந்தது. மூண்டு இலையிலயும் அதே இடத்தில இருக்கு.

— நானும் அதைக் கண்டனான்.

— இனிப் பழம். கழுத்து நீளம். தவிட்டு நிறத்தில ஊதா கலந்திருக்கு. கண் மூடிக் கிடக்கு, மேல ஒரு துளி தேன் பிசின் மாதிரி இறுகியிருக்கு. எறும்பு உள்ள போகாது.

— வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. கறுத்த அத்தி எல்லாம் தூரத்தில பாத்தா ஒண்டுதான். அருட்பிரகாசம் வீட்டிலயும் ஒண்டு நிக்குது, ஓலைத்தொடுவாய் எட்வேட்டிட்டயும் ஒண்டு நிக்குது.

— தூரத்தில பாக்கிறவனுக்குத்தான் ஒண்டு. அருட்பிரகாசத்தின்ரதுக்குக் கழுத்து இல்லை, உருண்டைப் பழம். எட்வேட்டின்ரதுக்குக் கண் திறந்திருக்கும், ஒரு மழை விழுந்தாப் புளிச்சுப்போகும். சகோதரம் எண்டு சொல்லலாம், ஒரே ஆள் எண்டு சொல்ல ஏலாது. இந்தா, வெட்டுறன். உள்ளுக்கு இளஞ்சிவப்பு, விளிம்போட ஒரு வெள்ளைக் கோடு. பொறும், நான் என்ர மரத்தில ஒண்டு பிடுங்கிக் கொண்டுவந்து பக்கத்தில வைக்கிறன்.

— வையுங்கோ. நானும் அதைத்தான் கேக்க இருந்தனான்.

— ஏனப்பா உந்த வேலை? பழம் எண்டா எல்லாம் பழம்தான். தம்பி, நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது.

— நீர் சும்மா இரும் மார்த்தா, இதில ஒரு விசயம் இருக்கு. பாரும் வஸீர். ரெண்டையும் இடம் மாத்தி வைச்சா எது உம்மட, எது என்ர எண்டு சொல்லுவீரோ?

— சொல்ல ஏலாது.

— எனக்கே ஏலாது. இது ஒரே இனம் எண்டு மட்டும் இல்லை, ஒரு தாய் மரத்தின்ர தடியில வந்த ரெண்டு மரம். ஆரோ என்ர ரோமாபுரி அத்தியில தடி வாங்கிக்கொண்டு போய்ப் புத்தளத்தில நட்டிருக்கினம். கேட்டா நானே குடுத்திருப்பன்.

— நிச்சயமாச் சொல்லுறீங்களோ?

— அனுபவத்தில சொல்லுறன். எழுதித் தரட்டோ?

— எழுதத் தேவையில்லை, அக்காவும் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறா. இப்ப மரம் ஆற்ற எண்டு சொல்லுறன். எங்கட உம்மாவின்ர. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில இயக்கக்காரர் முஸ்லிம் ஆக்களை எல்லாம் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம், கையில கொண்டுபோக விட்டது கொஞ்சச் சாமான்தான். உம்மா நகையைத் தேடேல்லை. பின்னால போய்த் தீன் மரத்தில ஒரு தடி வெட்டினா. நீங்கள் அத்தி எண்டுறதைத்தான் நாங்கள் தீன் எண்டுறம். ஈரத்துணியில சுத்தித் தம்பியின்ர உடுப்புக்குள்ள வைச்சுக்கொண்டு கற்பிட்டிக்குப் போன வள்ளத்தில ஏறினவ. இந்த இலையும் பழமும் அந்தத் தடியில வந்தது.

— அப்ப ஹவ்வா உம்மா ஒருவேளை முந்தி எங்களிட்டை இருந்து தடி வாங்கியிருப்பா.

— உங்கட மரம் எண்பத்தேழில வந்தது. நீங்களே குறூப்பில எழுதியிருக்கிறீங்கள். எங்கட மரம் உம்மாவின்ர வாப்பா ஹஜ்ஜுக்குப் போட்டு வரேக்கை கொண்டுவந்தது. நான் பிறக்க முன்னமே காய்ச்சு நிண்ட மரம்.

— ஒரு இனம் ஒரு ஊரிலதான் இருக்கவேணும் எண்டு சட்டம் இல்லையே. அரபு நாட்டுக்கும் போயிருக்கும், ரோமாபுரிக்கும் போயிருக்கும். எங்கட அண்ணர் யாகப்பர் சுவாமி ரோமாபுரியில இருந்து லீவில வந்தபோது தன்ர கையால தந்த தடி இது. திரும்பிப் போய் ஆறு மாதத்தில அங்கயே மோசம் போனார். அவற்ற குழியைக்கூட நான் காணேல்லை. அண்ணர் எண்டு எனக்கு மிஞ்சினது இந்த மரம் ஒண்டுதான், வஸீர். வருசா வருசம் அவர் செத்த நாளுக்குப் பூசை ஒப்புக்குடுத்து, முதல் பழத்தைக் காணிக்கையா வைக்கிறனான்.

— சுவாமி தந்தவர் எண்டதில எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் அங்க போய் எழுதின கடிதத்தையும் நீங்கள் படம் பிடிச்சுப் போட்டனீங்கள். என்ர ஃபோனில இருக்கு.

— கடிதம் எல்லாம் என்னத்துக்கு இப்ப? வெயில் ஏறுது தம்பி. வெளிக்கிடுறதெண்டா இப்பவே வெளிக்கிடுங்கோ.

— ஒரு வரிதான் அக்கா. வாசிக்கிறன். ‘பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். காகத்துக்கும் தெரியாது. தொட்டுப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும்.’ உங்கட பழம் என்ன நிறம் ஐயா?

— அது இஞ்சத்தை மண்ணால. உப்புத் தண்ணி, கடற்காத்து. அங்க பச்சையா இருந்தது இஞ்ச வந்து கறுத்திருக்கு. ஒரு மாதம் இஞ்ச நிண்டா மனிசனே கறுக்கிறான்.

— எட்வேட்டும் போன வருசம் இதைத்தானே சொன்னவர். தன்ர மரம் மஞ்சள் அத்தி, மண்ணால கறுத்துப்போச்சு எண்டு. அதுக்கு நீங்கள் எழுதின பதிலையும் வைச்சிருக்கிறன். ‘மண் இனிப்பை மாத்தும், பருமனை மாத்தும். மஞ்சள் அத்தியைக் கறுப்பு அத்தியாக்காது. மரத்துக்குப் பொய்ப்பேர் வைக்காதையுங்கோ எட்வேட்.’ அந்த மனிசன் அண்டைக்கே குறூப்பை விட்டுப் போனவர்.

— எல்லாத்தையும் சேத்து வைச்சிருக்கிறீர் போல.

— எட்டு மாதமாச் சேக்கிறன்.

— என்னத்துக்கு? நேர கேளும். சுத்தி வளைச்சுக் கதைக்கிறது எனக்குப் பிடிக்காது எண்டு உம்மட வாப்பாவுக்குத் தெரியும்.

— நேர கேக்கிறன். எங்கட தீன் மரம் எங்க நிண்டது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?

— எனக்கெப்பிடித் தெரியும்? தொண்ணூறுக்கு முந்தி அலியாரோட எனக்குப் பத்து வருசப் பழக்கம். போனா முன் விறாந்தையில கதிரை போடுவார், இருந்து கதைச்சிட்டு எழும்பி வாறதுதான். உங்கட மரத்தை நான் கண்ணால கண்டதில்லை.

— கண்டிருக்க ஏலாது. அது பின் முத்தத்தில, கிணத்தடியோட நிண்டது. சுத்திவரக் கிடுகு வேலி. உம்மாவும் மாமிமாரும் குளிக்கிற இடம், இருந்து கதைக்கிற இடம். வெளி ஆம்பிளை ஒருத்தரும் அங்க கால் வைக்கிறதில்லை. வாப்பாவின்ர கூட்டாளிமாருக்கு அப்பிடி ஒரு மரம் நிக்கிறதே தெரியாது.

— அதைத்தானே நானும் சொல்லுறன்.

— அதுதான் ஐயா எனக்குப் பிரச்சினை. நாங்கள் இருந்த காலத்தில ஒரு ஆம்பிளையும் அந்த மரத்தில தடி வெட்டியிருக்க ஏலாது. நாங்கள் போனாப் பிறகு ஆரும் வெட்டலாம். வேலி இல்லை, கதவு இல்லை. உம்மாவின்ர தையல் மெசினும் இல்லை.

— நீர் என்ன சொல்லுறீர் எண்டு யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?

— கனநாள் யோசிச்சனான். நீங்களும் தொண்ணூறில இடம்பெயர்ந்து மடு அகதி முகாமில இருந்தனீங்கள். ரெண்டு வருசம் தண்ணி இல்லாமல் சுவாமி தந்த மரம் பட்டிருக்கும். நீங்கள் வந்து பாத்திருப்பீங்கள், மனம் கேட்டிருக்காது. தாராபுரத்தில எங்கட வீடு திறந்து கிடந்தது.

— பட்டுப்போகேல்லை. நான் வரேக்கை அடியால துளிர்த்து நிண்டது. கேளும் இவவை. மார்த்தா, சொல்லுமன், துளிர்த்து நிண்டதோ இல்லையோ?

— நிண்டது.

— கேட்டீரோ?

— கேட்டன். ஆனா அக்கா நிலத்தைப் பாத்துக்கொண்டு சொல்லுறா.

— வஸீர், வார்த்தையை அளந்து பேசும். நான் உம்மட வாப்பாவின்ர வயசு.

— அதாலதான் ஐயா எனக்கு நோகுது. நாங்கள் திரும்பி வந்து பாக்கேக்கை வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூந்து கிடந்தது, மரம் அடியோட போட்டுது. உம்மா கேட்டது ஒண்டுதான். உள்ளுக்குப் போனது தெரிஞ்ச ஆளோ, தெரியாத ஆளோ? தெரியாத ஆள் எண்டாப் பரவாயில்லை எண்டு சொல்லுவா. உங்களை வாப்பா கூடப்பிறந்த ஆள் மாதிரி வைச்சிருந்தவர். நீங்கள் இல்லை எண்டு வரவேணும் எண்டுதான் நான் எல்லாத்தையும் சேத்தனான். சேக்கச் சேக்க நீங்கள்தான் எண்டு வருது.

— உம்மாவிட்டைக் கேட்டிருக்கலாமே. கிளாக்கர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு ஹவ்வா உம்மா சொல்லியிருப்பா.

— கேட்டனான். மவுத்தாகிறதுக்கு ரெண்டு மாதம் முன்னம், நீங்கள் குறூப்பில போட்ட ரோமாபுரி அத்தியின்ர படத்தைக் காட்டினனான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பாத்தா. பேந்து சிரிக்கத் தொடங்கினா. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. ஏன் உம்மா எண்டு கேட்டா, சொல்லேல்லை. ‘கிளாக்கரிட்டை இதைப் பற்றி ஒண்டும் கேக்காதை’ எண்டு மட்டும் சொன்னா. களவுபோன தன்ர மரத்தைப் பாத்து ஒரு மனிசி ஏன் ஐயா சிரிக்கவேணும்? எட்டு மாதமா எனக்கு அது விளங்கேல்லை.

— சிரிச்சவவோ தம்பி?

— ஓம் அக்கா. கண்ணால தண்ணி வரச் சிரிச்சா.

— மாதாவே.

— மார்த்தா, நீர் ஏன் இப்ப அழுறீர்? இவர் என்னைக் கள்ளன் எண்டு சொல்ல, நீரும் நம்புறீரோ? போதும். எழும்பும் வஸீர், மரத்தடிக்கு வாரும். தையல் மெசினும் தெரியாது, பின் முத்தமும் தெரியாது. இந்தா, இந்த மரத்தில கை வைச்சன். எங்கட அண்ணரின்ர ஆத்துமாவில சத்தியமாச் சொல்லுறன்—

— கையை எடுங்கோ.

— என்ன சொல்லுறீர்?

— கையை எடுங்கோ எண்டுறன். அந்த மரத்தில கை வைச்சுக்கொண்டு சுவாமியின்ர ஆத்துமாவை இழுக்காதையுங்கோ. தம்பி, உங்கட யோசினை எல்லாம் சரி, ஒண்டைத்தான் விட்டிட்டீங்கள். ஆம்பிளை ஒருத்தரும் அந்த முத்தத்துக்கு வரேல்லை. பொம்பிளை வரலாம்தானே.

— அக்கா, நீங்களோ?

— நீங்கள் அப்ப பள்ளிக்கூடம் போற பிள்ளை. இவர் முன் விறாந்தையில வாப்பாவோட கதைச்சுக்கொண்டிருக்க, நான் பின் படலையால வந்து உம்மாவின்ர மெசினில சட்டை தைக்கிறனான். மெசினை ஆர் எடுத்தது எண்டு எனக்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது. தடியை ஒருத்தரும் களவெடுக்கேல்லை. எண்பத்தேழு மார்கழியில உங்கட உம்மா தன்ர கையால வெட்டித் தந்தவ. ‘இலை ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆம்பிளையளுக்கு எங்க விளங்கப்போகுது’ எண்டு சொல்லி அண்டைக்கும் இப்பிடித்தான் சிரிச்சவ. ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு அல்லாவில சத்தியம் பண்ணித் தந்தவ. பெத்த பிள்ளைக்கும் சொல்லாமல் போட்டா.

— மார்த்தா, என்ன கதை இது? அண்ணரின்ர தடியை நான் என்ர கையால இந்த இடத்தில நட்டனான். நட்டிட்டுத்தான் வெள்ளாங்குளத்துக்கு வேலைக்குப் போனனான்.

— நட்டனீங்கள். வேலியை அடைச்சிட்டுப் போங்கோ எண்டன், வந்து அடைக்கிறன் எண்டு போட்டீங்கள். மூண்டாம் நாள் சுவாமியின்ர தடியைக் கழுதை திண்டிட்டுது. நீங்கள் லீவில வரச் சொல்லுவம் எண்டு இருந்தன், பயத்தில சொல்லேல்லை. பேந்து சுவாமி செத்த தந்தி வந்தது, அதுக்குப் பிறகு எந்த வாயால சொல்லுறது? முப்பத்தாறு வருசமா யாகப்பர் சுவாமியின்ர பூசைக்கு நீங்கள் கொண்டுபோய் வைக்கிற முதல் பழம், ஹவ்வா உம்மாவின்ர தீன்.