இரண்டு விரல் நீளம்

ஷாக் அப்சார்பர் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு இருக்கிறதா, மஞ்சள் இருக்கிறதா என்று வண்டிக்குச் சட்டைத்துணி எடுக்க வந்தவர்கள் மாதிரி கேட்பார்கள். அடுத்து, இருப்பதிலேயே நீளமானது எது என்பார்கள். நீளமாக இருந்தால் நல்லது என்று யாரோ இவர்கள் காதில் ஓதி வைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பை மாற்றுவதற்குள் எனக்கும் என் தம்பிக்கும் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐயா, தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உங்களிடம் சொல்லியிருப்பது சரியல்ல. அண்ணன் வேலை பார்த்த வண்டியைச் சரிபார்க்காமல் எடுத்துப் போனது தன் தப்பு, தன் மகளைத் தானே கொன்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். நீங்களும் நம்பிவிட்டீர்கள். ஒரு கையெழுத்துக்காகத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். உட்காரச் சொன்னீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த டீயைக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அது ஆறிப்போய் இங்கேயே இருக்கிறது, பாருங்கள்.

காட்டுப் பாதையில் ஓட்டுகிற ஜீப்புகளைத் தூக்கிக் கட்டுவது எங்கள் வேலை. உயரமான ஸ்பிரிங் போட்டால் வண்டி மேலே எழும்பும், பாறையில் அடிவயிறு இடிக்காது. அப்போது பழைய ஷாக் அப்சார்பர் எட்டாது, நீளமானது வேண்டும். எவ்வளவு நீளம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு அளக்க வேண்டும். சக்கரம் எதுவரை தொங்கலாம் என்று முடிவு செய்வது ஷாக் அப்சார்பர்தான். அது விரிந்து முடிகிற இடத்தில் சக்கரம் நின்றுவிடும். தேவைக்கு மேல் விரிந்தால் சக்கரம் இன்னும் கீழே போகும், கூடவே பிரேக் ஹோஸையும் இழுக்கும். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் அது. தாங்குகிறவரை தாங்கும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை பார்த்தவனே சரிபார்க்கக் கூடாது. மற்றவன்தான் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போக வேண்டும். அவன் போகலாம் என்று சொன்ன பிறகுதான் ஜாக்கியை இறக்குவோம். நான் ஏற்படுத்திய வழக்கம் அது. செய்தவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது என்று தம்பியிடம் அடிக்கடி சொல்வேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பண்ணைக்காரரின் ஜீப் வந்தது. நான்தான் ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுத்தேன், நான்தான் மாட்டினேன். அன்று கவனப் பிசகு, வேறொன்றுமில்லை. தம்பி விளக்கோடு அடியில் போனான். டிரைவர்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். பண்ணைக்காரரும் நின்றார்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. ரெண்டு விரல் நீளமாப் போச்சு. ஹோஸ் கிடார் கம்பி மாதிரி நிக்குது" என்றான் தம்பி.

சொன்னதோடு நிறுத்தாமல் அதை விரலால் சுண்டியும் காட்டினான். 'டொய்ங்' என்று சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

மறுநாள் முதல் என் பெயர் கிடார். 'கிடார் அண்ணன் இருக்காரா?' என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். பிறகு அந்த அண்ணனும் கழன்று வெறும் கிடார் ஆனேன். நான் மாட்டுகிறேன் என்றால், 'இல்ல, உங்க தம்பி வரட்டும், அவசரமில்ல' என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவியே வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன்.

தம்பி அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்ட டிரைவர் ஒருவனைச் சட்டையைப் பிடித்துத் தள்ளப் போனான். நான்தான் விலக்கிவிட்டேன். அவன் எனக்காகப் பரிந்து வந்தது, அவர்கள் சிரித்ததைவிட எரிந்தது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. எடுத்துச் சொன்னால் எந்த மனிதனும் காறித் துப்புவான். துப்பட்டும்.

பிறகு அவன் தனக்கென்று ஒரு பழைய ஜீப் வாங்கினான். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகப் போகிற காலத்து வண்டி. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். ஸ்பிரிங்கை அவனே மாற்றினான். ஷாக் அப்சார்பருக்கு என்னிடம் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, இத நீங்கதான் பாத்து எடுத்துக் குடுக்கணும். நீங்களே மாட்டியும் குடுங்க."

"ஏன்டா, உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. உங்க கை பட்டா எனக்கு ஒரு நிம்மதி. பாப்பாவும் கூட வருவா இல்ல."

அவன் மன்னிப்புக் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அந்த வார்த்தையை வாயால் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. இப்படித்தான் சுற்றி வளைத்து வருவோம். அப்போதே அவன் தோளில் ஒரு தட்டு தட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஜீப்பை ஜாக்கியில் ஏற்றி ஒழுங்காக அளந்தேன். அவசரப்படவில்லை. அலமாரியில் இரண்டு ஜோடிகள் இருந்தன. ஒன்று அந்த வண்டிக்கென்றே செய்தது போலப் பொருந்துவது. இன்னொன்று இரண்டு விரல் நீளம், பண்ணைக்காரர் வண்டியிலிருந்து கழற்றி வைத்த அதே ஜோடி. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துடைத்தேன். நீளமானதைப் போடுவதாக இருந்தால் ஹோஸையும் நீளமானதாக மாற்ற வேண்டும். அதுவும் இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையை நான் திறக்கவில்லை.

போல்ட்டுகளை நன்றாகவே முறுக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்ததில்லை. முடித்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். வழக்கத்தை நான் மீறவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், கூப்பிட்டேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது, ஹோஸ் விறைத்து நின்றது. குனிந்திருந்தால் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

அவன் விளக்கை எடுத்தான். பாதி குனிந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். என்ன கண்டானோ, விளக்கை அணைத்து மேஜைமேல் வைத்துவிட்டான்.

"நீங்க பாத்ததுல நான் என்னண்ணே பாக்கப் போறேன். எறக்கலாம்" என்றான்.

அவன் குனிய மாட்டான் என்று எனக்குத் தெரியும். கிடார் நாளுக்குப் பிறகு என் வேலையை அவன் ஏனோதானோவென்றுதான் பார்த்துவந்தான். என் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் செய்தான். அதை நம்பித்தான் அந்த ஜோடியை எடுத்தேன். ஜாக்கியை நானே இறக்கினேன். சக்கரம் தரையில் உட்கார்ந்ததும் ஹோஸ் தளர்ந்து, ஒன்றும் அறியாதது போல மடிந்துகொண்டது.

நான் நினைத்தது என்ன என்று கேட்பீர்கள். சமமான சாலையில் ஒன்றும் ஆகாது. எங்காவது ஒரு பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஹோஸ் பிடுங்கிக்கொள்ளும். பிரேக் பெடல் தொளதொளவென்று போகும். அவன் கெட்டிக்கார டிரைவர், சின்ன கியருக்கு மாற்றி எப்படியாவது நிறுத்திவிடுவான். இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவான். டிரைவர்கள் எல்லோரும் டீ கிளாஸோடு நிற்பார்கள். நான் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, 'என்னடா, செக் பண்ணாமயா எடுத்துட்டுப் போன?' என்று கேட்பேன். இவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்போது அதையே அவன் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நடந்ததை நீங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்கள். காய்ந்த ஓடையைக் கடக்கும்போது பின்சக்கரம் தொங்கியிருக்கிறது. அங்கேயே ஹோஸ் கிழிந்துவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை. மறுகரை ஏறி, அந்தப் பக்கத்துச் சரிவில் இறங்கும்போதுதான் பிரேக்கை மிதித்திருக்கிறான். சின்ன கியருக்கு மாற்றவும் பார்த்திருக்கிறான், விழவில்லை. பாப்பா பின் இருக்கையில் இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பிக்கு இரண்டு காலும் கட்டுப் போட்டிருந்தது. என்னைக் கண்டதும், "அண்ணே, நான் பாக்கலண்ணே, நான் பாக்காம விட்டுட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தக் கையை உருவிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. அவன் மனைவிக்கு அடி குறைவு. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நல்லவேளை நீங்க அன்னைக்குப் பெரியவள எறக்கி விட்டீங்க. வீட்டுல ஒருத்தியாவது மிஞ்சினா" என்றாள்.

என்னைக் கும்பிட்டாள், ஐயா. என் மகளைக் காப்பாற்றினேன் என்று அந்தப் பெண் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. நீங்கள் கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூப்பிட்ட பிறகுதான் வந்தேன்.

அவனைத் தலைகுனிய வைக்க மட்டுமே நினைத்தேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் காலையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஜீப் பட்டறை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஸ்டியரிங்கில், அவன் மனைவி பக்கத்தில். பின்னால் பாப்பா. என் மகளும் ஏறி அவள் அருகில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வருவதாக எனக்குத் தெரியாது. பாடம் படிக்க வேண்டும் என்று சொல்லி அவள் கையைப் பிடித்து இறக்கினேன். அழுதாள், விடவில்லை. பாப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. ஒரு காலைக் கீழே தொங்கவிட்டாள்.

"அக்கா வரலைன்னா நானும் எறங்கிக்கிறேன் பெரியப்பா" என்றாள்.

அவளையும் இறக்கியிருந்தால் தம்பி ஏன் என்று கேட்டிருப்பான். 'நீ போய்ட்டு வாடா கண்ணு, ஜாலியா இருக்கும்' என்று சொல்லி, அந்தக் காலை உள்ளே எடுத்து வைத்து, கதவைச் சாத்தினேன்.