மாப்பிள்ளையின் வாலட்

— இன்னொரு தடவை ஓட விடு ஃபர்ஹா. பிறை பாக்குறப்ப மட்டும் மொதல்லயே தெரிஞ்சிடுதா என்ன?

— நாலு தடவை ஓட்டிட்டேன் அத்தா. நான் எழுதுன கம்ப்யூட்டர் கோடுல தப்பில்ல. அவரு கிரிப்டோ வாலட்டுல பேலன்ஸ் சைபர்.

— காலையில ஒம்போது லட்சம்னு காட்டுச்சே.

— காட்டுச்சு. இப்ப இல்ல.

— கேட்டியா ஜரீனா? மாப்பிள்ளைன்னா ஹஸ்ஸான்தான்னு தலையில தூக்கி வச்சு ஆடுனியே. துபாய்ல ஒழைச்ச காசு பூராவும் கிரிப்டோவுல கெடக்குன்னான். தொடைச்சு எடுத்துட்டு ஓடிட்டான் பாரு.

— என்னமோ போங்க. அவரு காச அவரு எடுத்தா ஓடுனதா ஆயிடுமா? நீங்களுந்தான் பெரம்பலூர் பேங்குல போயி எடுக்குறீங்க.

— நம்ம பாஸ்புக்க ஊரே பாக்குதா? இத யாரு வேணாலும் பாக்கலாமாம்ல. அந்த வாலட்டோட நம்பர், அதான் அட்ரஸ், தெரிஞ்சாப் போதுமாம்.

— பாக்கத்தான் முடியும் அத்தா. எடுக்கணும்னா சாவி வேணும், அதுவும் ஒரு நம்பர் மாதிரிதான். யாரோ ஒரு பணக்காரர் அட்ரஸக் குடுத்து என்னுதுன்னு சொல்லியிருந்தா? அதான், சாவி உங்ககிட்ட இருந்தா பத்து ரூவா அனுப்பிக் காட்டுங்கன்னு ஒரு அட்ரஸ் குடுத்தேன்.

— நிக்காஹுக்கு முன்னாடியே மாப்பிள்ளைய பரீட்சை எழுதச் சொன்னா எந்தப் புள்ளதான் பயப்படாது?

— அத்தா அஞ்சு வேளையும் பள்ளில பாங்கு சொல்றப்பல்லாம் அந்த பேலன்ஸப் பாக்கச் சொன்னாரே, அத நீங்க கேக்கலயேம்மா. கூடுனா அன்னைக்கு வூட்ல பிரியாணி, கொறஞ்சா ரசம்.

— அது பொண்ணப் பெத்தவனோட அக்கறை. இரு, போன் அடிக்குது. அவந்தான். அலைக்கும் சலாம்... ஆமா, பாத்தோம், சைபர்னு காட்டுது... என்னது?... மாஷா அல்லாஹ். தம்பி, லைன்லயே இருங்க, வூட்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன்.

— என்னங்க சொல்றாரு?

— பத்து ரூவா கேட்டது அவருக்குச் சங்கடமாப் போச்சாம். நம்பாதவங்களுக்குக் கொஞ்சமாக் காட்டி என்ன ஆவப்போவுது, பொண்ணுக்கு மாப்பிள்ளை குடுக்குற மஹரா இருக்கட்டும்னு மொத்தத்தையும் ஃபர்ஹா குடுத்த அட்ரஸுக்கே அனுப்பிட்டாராம். லெப்பைக்குடிக்காட்டுல இப்படி ஒரு மஹர் எவன் குடுத்திருக்கான் ஜரீனா?

— ஓடிட்டான்னு சொன்ன வாயால இப்ப தம்பியா? நல்ல குடும்பத்துப் புள்ளைங்க அது.

— அத்தா, போன கையால மூடிக்கோங்க.

— ஏன்?

— சம்மதம்னு சொல்லிடுங்க.

— நேத்து வரைக்கும் அவரு போட்டோவத் திரும்பிக்கூடப் பாக்கலயே நீ.

— இந்த வெள்ளிக்கெழமையே நிக்காஹ் வச்சாலும் சரி. அவருக்கு டிக்கெட்டும் நாமளே போடுவோம்.

— காசப் பாத்ததும் மனசு எறங்கிடுச்சாடி?

— காசு வரலம்மா. எனக்கு ஏது வாலட்? பத்து ரூவாதானேன்னு, கோடு கத்துக்குற பாடத்துல உதாரணத்துக்குப் போட்டிருந்த அட்ரஸ எடுத்து அனுப்பிட்டேன். அதோட சாவி ஒலகத்துல யார்கிட்டயும் இல்ல, போன காசு போனதுதான். நிக்காஹ் நடந்தா அது மஹர், நின்னா நாம திருப்பிக் குடுக்க வேண்டிய ஒம்போது லட்சம்.