மிளகு வைத்த கேள்வி

சிவரூபினி: ஏங்க, கிட்ட வந்து உக்காருங்களேன். நடுவுல இன்னொரு ஆளு உக்காரலாம் போல…

யோகராஜ்: இருக்கட்டும். பஸ் வர்ற நேரந்தான்.

சிவரூபினி: நம்ம ஊரு பலாபத்வலைக்கி போற பஸ்ஸு சொன்ன நேரத்துக்கா வரும்? எங்க போனாலும் இப்டித்தான் நீங்க. புருசன் பொஞ்சாதின்னு யாராச்சும் சொல்வாங்களா?

யோகராஜ்: அது கெடக்கட்டும்… மிளகு வெளையுற மாத்தளைக்கி வந்து, நம்ம கையிலயே மிளக குடுத்து, கேள்வி மேல வச்சு ஓட்டு போடச் சொல்றாங்க பாரு!

சிவரூபினி: பேச்ச மாத்துங்க… ஆனா நல்ல மிளகு. ரசத்துக்கு ஆயிருக்கும்.

யோகராஜ்: "அகதியா போய் வந்தவங்க மனசப் பத்தி ஆராயப்போறோம். எத மொதல்ல ஆராயணும்னு நீங்களே சொல்லுங்க"ன்னாங்களே அந்த டொக்டர் அம்மா… இந்தியாவுல, மண்டபம் முகாமுல ஒருத்தரும் இப்டி கேக்கல.

சிவரூபினி: அங்கயும் கேட்டாங்க. பேரு என்ன, எத்தன பேருன்னு. தூங்குறியான்னுதான் கேக்கல.

யோகராஜ்: நீ எந்தக் கேள்விக்கி வச்சே?

சிவரூபினி: தூக்கத்துக்கு. மாத்திர போடலாமா கூடாதான்னு இருந்திச்சே. நீங்க?

யோகராஜ்: நானா… வேலைக்கி. வேல இல்லாதவன் மனசு என்னாகும்னு ஒரு கேள்வி அட்ட இருந்திச்சில்ல.

சிவரூபினி: அம்புட்டு மிளகுமா?

யோகராஜ்: அம்புட்டும்.

சிவரூபினி: முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதீங்க. நீங்க கடேசி மேசைக்கில்ல போனீங்க.

யோகராஜ்: அங்கதான் கூட்டம் கொறைவு…

சிவரூபினி: அது நாங்க பொம்பளைங்க சொல்லச் சொல்ல, அந்த டொக்டரோட வந்த புள்ள தினுஷா எழுதி வச்ச கேள்விங்க.

யோகராஜ்: தெரியும்… அதுல ஒண்ணு. "படகுல போறப்ப கடல்ல புள்ளைய பறிகுடுத்த அப்பன், அந்தப் பேரையே எடுக்கலன்னா… மறந்துட்டானா?" யாரு கேட்டது?

சிவரூபினி: யாரோ. படகுல போனவங்க ஒருத்தரா ரெண்டு பேரா…

யோகராஜ்: யாரோதானா?

சிவரூபினி: …இதெல்லாம் ஒரு கேள்வியான்னு ஒதுக்கிருவாங்கன்னு நெனச்சேன். கடேசியில பாத்தா, அது மேல ஒரு கை மிளகு கெடக்கு.

யோகராஜ்: ஆராய்ச்சியில சேத்துக்கிட்டாங்களா?

சிவரூபினி: சேத்துக்கிட்டாங்க. ஆனா பதில் வர வருசக்கணக்கா ஆகுமாம்.

யோகராஜ்: அதுவரைக்கும் காத்திருப்பியா?

சிவரூபினி: இம்புட்டு வருசம் இருக்கல?

யோகராஜ்: …மறக்கல, ரூபினி.

சிவரூபினி: அப்ப ஏங்க ஒரு நாளும் அவ பேர எடுக்கல?

யோகராஜ்: பேர எடுத்தா நீ ஒடஞ்சிருவியோன்னு…

சிவரூபினி: எடுக்காமதாங்க ஒடஞ்சேன். நான் மட்டுந்தான் அவள சொமக்குறேன்னு…

யோகராஜ்: அழாத. ஆளுங்க பாக்குறாங்க.

சிவரூபினி: பாக்கட்டும்… பஸ் வருது. எந்திரிங்க.

யோகராஜ்: அடுத்ததுல போவோம். இரு… எங்க உக்காந்தாலும் நடுவுல எடம் விடுறேன்னு ஏசுவியே… அது நம்ம நிலானிக்கு.