துடைத்தும் போகாத நிறம்

போலி ரத்தம் செய்ய, சோளப்பாகில் ஒரு சிட்டிகை கோகோ பவுடர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் வெறும் ஜாம் மாதிரித்தான் தெரியும். இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்; யாரும் கேட்பதில்லை. பேய் வேடம் போடும் ஹாலோவீன் அன்று எங்கள் ஊர்ப் பிசாசுகளில் பாதி ஜாம் பூசிக்கொண்டுதான் திரியும்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன், அதிகாரி. வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

பத்தொன்பது வருடங்களாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். நசுங்கிய காரைத் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பழைய நிறத்தோடு பொருந்தும்படி பெயிண்ட் அடிப்பேன். அந்தக் கைதான் ஹாலோவீனுக்கும் உதவியது. கடையில் வாங்கும் முகமூடி எனக்கு ஆகாது. இந்த வருடம் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு அட்டைப்பெட்டியில் ஒரு சலவை இயந்திரம் செய்து கொடுத்தேன். கதவு திறந்து மூடும். உள்ளே நிஜக் காலுறைகள் சுழலும்.

வீட்டிலும் அந்தக் கைக்கு வேலை இருந்தது. என் மனைவி கோரீன் மருந்துக்கடையில் கல்லாவில் நிற்பவள். நாலு பேர் பார்க்கும் முகம். நீலத்தின் மேல் ஆரஞ்சு தடவ வேண்டும், சிவப்பின் மேல் பச்சை. அதன் பிறகுதான் தோல் நிறம். சமையலறை ஸ்டூலில் அவளை உட்காரவைத்து, வேலைக்குப் போகும் முன் இருபது நிமிடம் செலவழிப்பேன். வேறு எந்தப் புருஷன் இவ்வளவு பொறுமையாகச் செய்வான் என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை. உதட்டை அசைத்தால் பூச்சு கலையும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது, கட்டிலின் மேல் அவளுடைய பெட்டி திறந்திருந்தது. தங்கை டார்லா வீட்டுக்குப் போகிறாளாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். தெரியாது என்றாள். தெரியாது என்பது ஒரு பதிலா? அவளைப் பெட்டியை மூடவைத்தேன். இடது கண்ணுக்குக் கீழே கொஞ்சம் ஆனது. அவ்வளவுதான் நடந்தது.

சனிக்கிழமை ஹாலோவீன். தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வருடா வருடம் விருந்து வைப்பார்கள். வேடப் போட்டியும் உண்டு. எல்லாம் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒருவன் கடையில் வாங்கிய ரப்பர் காயத்தை ஒட்டிக்கொண்டு வந்து பரிசைத் தட்டிக்கொண்டு போனான். அதிலிருந்து, ஜெயித்தவர் முகத்தை நடுவரம்மாள் ஓபல் மேடையிலேயே ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பாள். கையால் தீட்டியது என்றால் துணியில் வந்துவிடும்.

நாங்கள் போட்டிக்குப் போவதாகப் பேச்சே இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் கிளம்பினோம். பழைய ஜன்னல் திரையில் கோரீனுக்குக் கல்யாண கவுன் தைத்திருந்தேன். கல்லறையிலிருந்து எழுந்து வந்த மணப்பெண். மதியம் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவளே சொன்னாள்.

"ஆரஞ்சு வேணாம் வெண்டல். கண்ணுக்குக் கீழ அப்படியே விட்டுரு. நல்லாத்தானே இருக்கு."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? என் வேலையை அவள் ஒருமுறையும் பாராட்டியதில்லை. அன்றைக்கு அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை, பாதி வேலை மிச்சம். நடுவில் ஊதா, ஓரத்தில் பச்சை. நாலாம் நாள்தான் அந்த நிறம் வரும், எந்தத் தூரிகையாலும் வராது. அதைச் சுற்றித் தையல் வரைந்தேன். கன்னத்தில் பாகை ஒழுகவிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு அங்கே போனோம். நான் ஆப்பிள் பழரசம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கோரீன் மேடையில் நின்றாள், முதுகில் பதினான்காம் எண். அவளே பெயர் கொடுத்திருக்கிறாள். பசு மாடாக வேடமிட்ட தீயணைப்புத் தலைவர் டென்னிதான் மைக் பிடித்திருந்தான்.

"ஏம்மா கோரீன், நீ கல்யாணப் பொண்ணா, கருமாதிப் பொண்ணா?"

"ரெண்டும் ஒரே வீட்லதான் டென்னி."

"அடேயப்பா! என் மடி சுருங்கிப்போச்சு!" என்று ரப்பர் மடியைப் பிடித்துக்கொண்டான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதல் பரிசு அவளுக்குத்தான். மேசைமேல் பரிசு இருந்தது: மிட்டாய் நிரப்பிய வார்ப்பிரும்புப் பானை. ஓபல் ஈரத்துணியை எடுத்தாள். பாகு வந்தது. தையல் வந்தது. மறுபடி துடைத்தாள். துணியை மாற்றி மெதுவாகத் துடைத்தாள்.

"கண்ணு, இது வரமாட்டேங்குதே. உன் வீட்டுக்காரர் என்ன பெயிண்ட் போட்டாரு?"

"பெயிண்ட் இல்ல ஓபல். இது புதன்கிழமை. தாடைக்குக் கீழ பாருங்க, அது போன மாசம்." மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "நான் இன்னைக்கு டார்லா கூடப் போறேன். இத்தனை பேர் பார்க்கும்போதே கிளம்பிடலாம்னுதான் மேடை ஏறினேன். தனியாப் போனா விடமாட்டாரு."

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. என் கண் முன்னால் என் வேலையைத் துடைத்து ஊருக்குக் காட்டினார்கள், அவ்வளவுதான். டார்லா கதவருகே கார்ச் சாவியோடு நின்றாள். இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

மேடை ஏறினேன். யாரும் தடுக்கவில்லை, என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பானையிலிருந்த மிட்டாயை முதலில் மேசையில் கொட்டினேன். அது குழந்தைகளுக்கானது, தரையில் சிந்தக் கூடாது. பிறகு பானையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். கோரீன் திரும்பினாள். "வெண்டல், எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள். நியாயமாகப் பார்த்தால், என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள்.

முதல் அடிக்கே விழுந்துவிட்டாள். மொத்தம் ஐந்து என்கிறீர்கள். நான் நாலு என்று நினைத்திருந்தேன். சரி, ஐந்தாகவே இருக்கட்டும். பின்வரிசையில் பேச்சு கேட்காதவர்கள், நாடகம் என்று நினைத்து இரண்டாவது அடி வரைக்கும் கைதட்டினார்கள். டென்னியும் இன்னும் மூன்று பேரும் என் மேல் உட்கார்ந்தார்கள். பசு மாட்டின் கனம் தாங்க முடியவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் காலையில் நீங்கள் சொன்ன ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. உடலைப் பார்வைக்கு வைக்கும்போது சவப்பெட்டியை மூடியே வைக்கச் சொல்கிறாளாம் டார்லா. அது கோரீனுக்கு அவமானம். மூடி வைத்தால் ஊர் என்னவெல்லாமோ நினைக்கும். ஈமச்சடங்கு நிலையத்தில் இருப்பவனுக்கு அவள் நிறம் தெரியாது. விலங்கு போட்டபடியே என்னை அங்கே கூட்டிப் போங்கள். வலது கை மட்டும் போதும். நொறுங்கிய எலும்புக்கு மெழுகு வைத்துத் தூக்கிவிடுவேன். ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்து வையுங்கள். அவளுக்கு ஏதாவது நடந்தது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.