கழுவிய சட்டை

துணி துவைப்பதில் எங்கள் கற்பிட்டித் தெருவில் எனக்கு நல்ல பெயர், டொக்டர். எந்தக் கறையானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நீங்கள் தந்த நித்திரைக் குளிசைகள் எப்படி முடிந்தன என்று கேட்டீர்கள். அதையும் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறில் என் மகன் ரஸாக் தன் மகள் நஸ்மியாவைக் காது காட்டக் கொழும்புக்குக் கூட்டிப்போனான். தாயில்லாப் பிள்ளை, நாலு வயது. பஸ்ஸில் குண்டு வெடித்தது. அவள் அவன் மடியிலேயே மவுத்தானாள். அவனை ஆஸ்பத்திரியிலிருந்து கண் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"மூளைத் தண்டுல எங்களை முழிக்க வைக்கிற இடம் ஒண்டு இருக்கு, அதுலதான் அடி. மேல் மூளைக்குப் பெரிய சேதமில்ல" என்றீர்கள். பார்ப்பதும் கேட்பதும் நடுவிலுள்ள ஒரு வாசலைத் தாண்டித்தான் மேலே போகுமாம். வாசனை மட்டும் அங்கே காத்து நிற்காதாம். "அவருக்குப் பழகின வாசம் ஏதாவது மூக்குக்கிட்டப் பிடிச்சுப் பாருங்க உம்மா."

நஸ்மியாவின் அழுக்குச் சட்டையைப் பிடித்தேன். தேங்காயெண்ணெயும் வியர்வையும் மணந்தது. ஐந்தாம் நாள் முகத்தைத் திருப்பினான். எட்டாம் நாள் கண் திறந்து, என்னைப் பார்த்துக் கதைத்தான்.

அன்றைக்கே சட்டையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மூன்று தண்ணீரில் அலசினேன். நித்திரைக்கென்று நீங்கள் எனக்குத் தந்த குளிசைகளை அரைத்து, குழாயில் ஊற்றும் கஞ்சியில் கலந்தேன். வெள்ளிக்கிழமைகளில் வந்து மாற்றம் தெரிகிறதா என்று கேட்பீர்கள். "இல்ல டொக்டர்" என்பேன். ஏழு மாதம் அப்படித்தான் சொன்னேன். பிறகு சளி கட்டி மூச்சு நின்றது. ஜனாஸாவுக்கு வந்தவர்கள் இப்படியொரு தாயைக் கண்டதில்லை என்றார்கள்.

பிள்ளை போனது அவனுக்குத் தெரியக் கூடாது, அதற்காகத்தான் செய்தேன். நித்திரையிலாவது அவள் அவனோடு இருக்கட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் இதைத்தான் சொல்கிறேன். சட்டை அலுமாரியில் இருக்கிறது. நெஞ்சு தாங்காமல் எடுத்து முகர்ந்தால் சவர்க்காரம்தான் மணக்கிறது.

அவன் என்ன கதைத்தான் என்கிறீர்கள்.

"புள்ள மவுத்தானது தெரியும் உம்மா. கொழும்புக்கு நாளைக்குப் போறன் எண்டன், நீங்கதான் இண்டைக்கே போ எண்டீங்க. பரவாயில்ல, அழாதீங்க."

அதற்குப் பிறகுதான் குளிசையைத் தேடினேன்.